எடைமேடை

லாரி ஏறும். நிற்கும். எண் நடுங்கி ஓயும்:
பதினெட்டாயிரத்து நானூற்று இருபது.
கொட்டிவிட்டுத் திரும்புகையில் இன்னொரு எண்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பது
எங்கள் ஊர் வேண்டாமென்று சொன்னது.

டென்மார்க்கின் வடக்கே, ஃபியோர்ட் ஓரம்,
இந்தக் கண்ணாடி அறையில் எனக்குப் பதினோரு வருடம்.
ஜன்னல் இரண்டடுக்கு, நாற்றம் உள்ளே வராது.
பனிக்காலத்தில்
சக்கரத்தில் ஒட்டிய பனியும் குப்பைக் கணக்கில் சேரும்.

மேலே, கிரேன் கூண்டில் தோர்கில்.
இரும்பு விரல்களால்
ஈரத்தையும் காய்ந்ததையும் பிசைந்து
இரண்டு உலைகளுக்கும் ஊட்டுகிறான்.
ஒரு கவளம் தவறினாலும் நெருப்பு முகம் சுளிக்கும் என்பான்.
அதற்கு யானைப் பசி.
வருடம் அறுபதாயிரம் டன் தருகிறோமென்று
இருபத்தைந்து வருடத்துக்குக் கையெழுத்து.
போட்டவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள்,
ஒருவர் ஸ்பெயினில் ஆரஞ்சு வளர்க்கிறார்.

பிறகு பச்சை மூடித் தொட்டி வந்தது,
நீல மூடி வந்தது.
நாங்கள் நல்லவர்களானோம்.
அட்டையை மடித்தோம், புட்டியின் மூடியைத் திருகினோம்,
தேயிலைச் சக்கையைத் தனியே வைத்தோம்.
என் எண்கள் இறங்கின.
குறைந்த டன்னுக்கு நகரசபை அபராதம் கட்டியது.
போடாத குப்பைக்கு!

அடுத்த இலையுதிர் காலத்தில் கப்பல் வந்தது.
வெள்ளை நெகிழியில் இறுகச் சுற்றிய பொதிகள்,
வைக்கோல் கட்டுகளைப் போலச் சாதுவாக.
யாருடைய ஊரோ.
ஒரு பொதி கிழிந்து
பிறந்தநாள் தொப்பி ஒன்று எட்டிப் பார்த்தது.
எடை போட்டேன்.

ராய்ன்ஹில்ட் வந்தது அதற்குப் பின்புதான்.
நகரசபையின் திட்ட அலுவலர்.
மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து
சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்,
பென்சிலால். நிறைய அழித்தாள்.
மேசையெங்கும் ரப்பர் துகள்.
"உலைகளை மூடிவிடலாமா?" என்றேன்.
"குழந்தைகளின் அணையாடை, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி,
மூன்று பொருளை ஒட்டிச் செய்த செருப்பு...
இதையெல்லாம் உன் வீட்டில் வைத்துக்கொள்கிறாயா?"
"அப்படியானால் எரிப்போம்."
"எரிப்போம். எவ்வளவு?"
பென்சிலைக் கடித்தாள்.
அந்த 'எவ்வளவு'
அன்று முழுக்க என் அறையில் ஈயாகச் சுற்றியது.

வீட்டில்
தயிர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
நீல மூடித் தொட்டிக்காக.
வெந்நீர் விரலைச் சுட்டது.
உலையிலிருந்து குழாய் வழியே வரும் வெந்நீர்.
யாரோ கழுவாமல் எறிந்த கிண்ணங்களை எரித்துக்
காய்ச்சிய தண்ணீரில்
என் கிண்ணத்தை நான் எரிபடாமல் காக்கிறேன்.
குழாயை மூடினேன்.
கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன்.
பாத்திரம் பாக்கி இருந்தது.

வாக்கெடுப்பு ஜனவரியில், வெளியே மைனஸ் பதினொன்று.
ஹோல்கர் எழுந்து கேட்டார்:
"ரேடியேட்டர் குளிர்ந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?"
ராய்ன்ஹில்ட் தன் வீட்டு முகவரியைச் சொன்னாள்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு, ஃபியோர்டின் நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் இயந்திரத்தைப் பற்றி
நாற்பது நிமிடம்.
பத்துக்கு ஒன்பது.
ஒன்றாம் உலை இருக்கும். இரண்டாம் உலை ஏப்ரல் வரை.
கப்பல் இனி வராது.
அபராதம் இன்னும் நான்கு வருடம் வரும்.

மே மாதம், ஆறிய உலைக்குள் தோர்கில் இறங்கினான்.
பதினேழு வருடம் ஊட்டிய வாய்க்குள்
அன்றுதான் முதல் தடவை.
வெளியே வந்தவன் கையில் ஒரு கட்டி:
முள்கரண்டி, சாவி, பெல்ட் கொக்கி,
எல்லாம் ஒன்றில் ஒன்று உருகி.
"இதைப் போடு" என்று மேடையில் வைத்தான்.
எண் சுழியத்திலேயே நின்றது.
இருபது கிலோவுக்குக் கீழே
என் தராசுக்குக் கண் தெரியாது.

கட்டியோடு அவனும் ஏறினான். நூறு.
திரை வழக்கம்போலக் கேட்டது:
வகை?
எரிக்க. மீட்க.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
"இறங்கு" என்றேன்.